அப்பாவை எந்த இல்லத்தில் சேர்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அல்சைமர் எனும் மறதி நோய் என்று வைத்தியர் சொல்லி நான்கு வருடங்களாகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, சாரத்துக்கு மேலேயே காற்சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறதென்று படலையைத் திறக்கிறார். இரண்டு தடவை நிலாவெளி வீதியில் முச்சக்கரவண்டிக்காரர்கள் கண்டு அழைத்து வந்தார்கள். அம்மாவும் நானும் மாறி மாறி விழித்திருந்து களைத்துவிட்டோம். மறதி நோயாளருக்கென்றே கொழும்புப் பக்கம் நடத்தப்படும் இல்லமொன்றில் சேர்ப்போம், செலவைத் தான் பார்ப்பதாகக் கனடாவிலுள்ள அண்ணா சொல்கிறார். இங்கே எங்களுக்குத் தெரிந்த சாதாரண முதியோர் இல்லமொன்றும் இருக்கிறது. “பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் விடுவதா?” என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– வாசகி, உப்புவெளி

பதில்: சொந்தக்காரரின் கேள்வியால் நீங்கள் மனம் குன்ற வேண்டியதில்லை. இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டிய நோயை இரண்டு பெண்கள் நான்கு வருடங்கள் தாங்கியிருக்கிறீர்கள். அம்மா படுத்துவிட்டால் பராமரிக்க வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள்.

முடிவெடுக்குமுன் ஒன்றைச் செய்யுங்கள். இந்த இரவு நடமாட்டம் சில நாட்களுக்குள் திடீரெனத் தொடங்கியதாகவோ கூடியதாகவோ இருந்தால், அது சிறுநீர்த் தொற்றாகவோ மலச்சிக்கலாகவோ புதிதாகத் தொடங்கிய மருந்தாகவோ இருக்கலாம். அப்படியானால் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியசாலை கிளினிக்.

மறதி நோய்க்கான சிறப்பு இல்லம் என்பது குளிரூட்டிய அறையும் பூட்டிய வாசலும் அல்ல. எந்த இல்லத்துக்குப் போனாலும் பொறுப்பாளரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “அப்பா மூன்று மணிக்கு எழும்பி வேலைக்குப் போகப் போகிறேன் என்றால், உங்கள் இரவுப் பணியாளர் என்ன செய்வார்?” ‘கதவு பூட்டியிருக்கும், பயமில்லை’ என்றோ, ‘நித்திரைக் குளிசை கொடுப்போம்’ என்றோ, ‘பென்சன் எடுத்துவிட்டீர்கள் என்று விளங்கப்படுத்துவோம்’ என்றோ பதில் வந்தால் அந்த இடம் உங்கள் அப்பாவுக்குச் சரிவராது. பழக்கப்பட்ட பணியாளர் முதலில் மெல்லிய வெளிச்சத்தைப் போட்டு, அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிச் செல்வார். ஏனெனில் மூன்று மணிக்கு எழுப்பியது பெரும்பாலும் சிறுநீர்ப்பைதான், வேலை ஞாபகம் அதன் பின்னே வருவது. பிறகு, “ஐயா, விடிய இன்னும் நேரமிருக்குது, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்” என்று கதிரையைக் காட்டுவார். இன்றைக்கு எந்தக் கப்பல் என்று கேட்பார். அவர் சொல்வதை மறுக்காமல், விழுந்துவிடாமல் கூடவே நடப்பார். இதற்கு ஆளும் பொறுமையும் வேண்டும். எனவே இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்பதையும் விடாமல் கேட்டறியுங்கள். முடிந்தால் பகலில் பார்த்த இல்லத்தை மாலை மங்கும் வேளையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்நோயாளர் பலர் அதிகம் பதகளிப்பது அந்நேரத்தில்தான்.

குளிசை பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். ஆளை அடக்குவதற்கு மனநோய் மருந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மறதி நோயுள்ள முதியவர்களில் இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005 இலேயே எச்சரித்தது. வைத்தியர் காரணம் சொல்லி, குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு எழுதினாலன்றி எந்த மருந்தையும் தொடங்கக்கூடாதென்று எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மொழி. பிந்திப் படித்த மொழிகள் இந்நோயில் முந்திப் போய்விடுவதுண்டு. வேலைக்காலம் முழுவதும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர் இன்று தண்ணீர் கேட்பது திருகோணமலைத் தமிழிலாகத்தான் இருக்கும். கொழும்புப் பக்க இல்லத்தில் இரவுப் பணியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், வயிற்றுவலியைச் சொல்ல முடியாமல் அவர் கத்துவார். அது ‘முரட்டுத்தனம்’ என்று பதியப்படும்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஐந்துக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைக்கும் இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

இவ்வளவையும் வைத்து என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரவுக் காவலும் மறதி நோய் பற்றிப் பழகிக்கொள்ளும் விருப்பமும் அவர்களிடம் இருந்தால், திருகோணமலை இல்லத்தையே தெரிவு செய்வேன். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அங்கே மாதம் ஒருமுறைகூடப் போவது கடினம். இங்கேயென்றால் வாரம் மூன்று தடவை மத்தியானச் சோற்றை நீங்களே ஊட்டலாம். அண்ணா தர நினைக்கும் பணத்தில் அப்பாவுக்கென ஓர் இரவுப் பணியாளரை அமர்த்த முடியுமா என்று இல்லத்தாரிடம் பேசிப் பாருங்கள். பராமரிப்பாளருக்கான வழிகாட்டலுக்குக் கொழும்பிலுள்ள லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனை நாடலாம். சேர்க்கும் நாளில், அப்பா எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார், தேநீருக்குச் சீனி எவ்வளவு, கட்டிலில் எந்தப் பக்கமாக இறங்குவார், கோணேசர் கோயிலுக்கு எந்த நாளில் போவார் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கட்டிலடியில் ஒட்டிவிடுங்கள். ‘பழகும்வரை இரண்டு கிழமைக்கு வரவேண்டாம்’ என்று சில இடங்களில் சொல்வார்கள். அதற்கு நான் உடன்படமாட்டேன்.

கேள்வி: இல்லத்திலிருக்கும் என் உம்மா, நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம், “பாதை போயிடும், கிண்ணியாவுக்குக் கெதியாப் போகணும்” என்று எழும்பிவிடுகிறார். முன்பு அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற மிதவையைத்தான் பாதை என்கிறார். இப்போது பாலம் வந்துவிட்டதென்று சொன்னால் அழுகிறார். என்ன சொல்வது?
– வாசகர், கிண்ணியா

பதில்: பாலம் 2009 இல் திறக்கப்பட்டது; உம்மா இருப்பது அதற்கு வெகு முந்திய ஒரு பின்னேரத்தில். அங்கே பாதையைத் தவறவிட்டால் பிள்ளைகள் அக்கரையில் தனித்துவிடுவார்கள். அவர் கேட்பது ஊரை அல்ல, பிள்ளைகளை. “பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டாச்சு உம்மா, வீட்டிலதான் இருக்காங்க” என்று கையைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். விடைபெறும்போது வாசலில் நின்று சொல்லாமல், அவர் சாப்பிடத் தொடங்கியதும் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.