குடியாத்தத்தில் பீடி சுற்றிய அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்குமா?

"அம்மாவுக்கு 64 வயது, வருமானம் இல்லை. அப்பாவுக்குக் கால் ஊனம். பி.எஃப். கட்டாதவர்களுக்கும் பென்ஷன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. பி.எஃப். பென்ஷன் என்பது கட்டிய பணத்துக்கான உரிமை. முதியோர் உதவித்தொகைக்கு எதுவும் கட்டியிருக்க வேண்டாம். 60 வயதும், பிழைக்க வழியில்லாத நிலையும்தான் கணக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய், 80 வயதானால் 500. மீதியை மாநில அரசு போட்டு, 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாகத் தருகிறது. மருந்துக்கே போதாத தொகைதான், ஆனாலும் மாதாமாதம் அம்மா கைக்கு வரும் பணம். தயங்காமல் கேளுங்கள், இது பிச்சை இல்லை.

இ-சேவை மையத்தில் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு மனு போடுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் முடிவு செய்வார். விசாரணைக்கு வரும்போது வீட்டு நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கும் உதவித்தொகை கேட்க, முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். 40 சதவீத ஊனம்தான் அடிப்படை அளவு. அதைச் சான்றளிப்பது அரசு மருத்துவர்.

அப்புறம், 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால் வாணியம்பாடி, ஆம்பூர் உறவினர்கள் திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் கேட்க வேண்டும்.