புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்: அது அவுரேலியன் நாணயம்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் கருத்துப்போன சிறு ரோமானிய நாணயம் ஒன்று கிடைத்தது, படம் இணைத்துள்ளேன். ஒருபுறம் முள்முள்ளான முடியணிந்த தலை. மறுபுறம் கையுயர்த்தி நிற்கும் உருவமும் காலடியில் இரு மனிதர்களும். அடியில் இரண்டு பெருக்கல் குறிகளும் ஒரு கோடும் உள்ளன. இது வெள்ளியா? புளியிட்டுத் துலக்கலாமா?

பதில்: தயவுசெய்து துலக்காதீர்கள். தலையைச் சுற்றியுள்ள எழுத்துகள் 'அவுரேலியானுஸ்' என்ற பெயரைத் தருகின்றன. முள் போலத் தெரிவது சூரியக் கதிர்முடி. பின்புறம் நிற்பவர் சூரியக் கடவுள், காலடியில் இருப்போர் கைதிகள்.

டான்யூப் ஆற்றுப் பகுதியில் பிறந்து, படையிலேயே உயர்ந்து குதிரைப்படைத் தளபதியான அவுரேலியன் கி.பி. 270-இல் ரோமானியப் பேரரசரானபோது, கிழக்கு மாகாணங்கள் பல்மைரா (இன்றைய சிரியாவிலுள்ள நகரம்) அரசி செனோபியாவிடமும் மேற்கே 'கால்' (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) நாடு தனி அரசர்களிடமும் இருந்தன. 272-இல் செனோபியாவை வென்றார். 274-இல் மேற்கின் தனி அரசர் தெத்ரிக்குசும் பணிந்தார். இந்த வெற்றிப் பெருமிதத்தையே அந்தக் கைதிகளின் உருவத்தில் காண்கிறீர்கள்.

நீங்கள் கண்ட குறிகள் ரோமன் எண்ணில் 21. இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று அறிஞர் பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அதாவது, வெள்ளி ஏறத்தாழ 5 சதவீதமே. இதைக் குறைவென்று எண்ணிவிடாதீர்கள். முந்தைய ஆட்சிகளில் நாணயத்தின் வெள்ளி கரைந்துகொண்டே வந்திருந்தது. 271-இல் ரோமின் நாணயச்சாலைப் பணியாளர்கள் கிளர்ந்தெழ, அதை அடக்குவதற்குள் ஆயிரக்கணக்கான படைவீரர் மாண்டனர் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. மக்களின் நம்பிக்கையை மீட்கவே 274-இல் எடையையும் தரத்தையும் அவர் சீராக்கினார் என்பது என் உறுதியான கருத்து. மறு ஆண்டே, செயலர் ஒருவர் பொய்யாகப் புனைந்த மரணதண்டனைப் பட்டியலை நம்பிய சொந்த அதிகாரிகளே அவரைக் கொன்றுவிட்டனர். ஆகவே அந்த எண்ணைத் தாங்கிய உங்கள் நாணயம் 274, 275 என்ற இரண்டே ஆண்டுகளுக்குள் அடங்குகிறது.

அச்சிடும்போது இத்தகைய காசுகளின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துகளின் இடுக்கில் அதன் மிச்சம் மினுங்கக்கூடும். புளியின் அமிலம் முதலில் அரிப்பது அதைத்தான். நகைக்கடைத் தராசில் 3.5 முதல் 4 கிராம் வரை நிற்கிறதா என்று பாருங்கள். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தால் போலியாக இருக்கலாம். பிறகு ஈரம் படாமல், மெல்லிய காகித உறையில் இட்டு வையுங்கள்.