பள்ளிக்கு எதற்கு நர்ஸ், முதலுதவிப் பெட்டி போதாதா?

கேள்வி: அரசுப் பள்ளிகளில் நர்ஸ் நியமிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அவசியமா? முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஆசிரியர்களும் இருக்கிறார்களே?

போதாது. ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 'ஆசிரியர்களும் இருக்கிறார்களே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் சுருக்கென்று இருந்தது. அந்த ஆசிரியர்களில் ஒருத்தி நான்.

உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் படிக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே சில இடங்களில் கட்டில் போட்ட ஒரு அறையும் வெள்ளைக் கோட்டில் ஒரு அக்காவும் இருப்பார்கள். எங்கள் பள்ளியில் அந்த அக்காவும் நான்தான். வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், 17 வருட சர்வீஸ். முதலுதவிப் பெட்டியின் சாவி, வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை, மாணவிகளுக்கு நாப்கின் கணக்கு, உயரம் எடை எடுத்துச் செயலியில் ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. இதற்கு என்ன தகுதி என்கிறீர்களா? ஒரு மீட்டிங்கில் ஹெச்.எம். "லேடி டீச்சர் யாராவது பாத்துக்குங்க" என்றார். மற்ற இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

பெட்டியில் என்ன இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பஞ்சு, கட்டுத் துணி, டிஞ்சர், பேண்டேஜ், பாதிக் காலியான டெட்டால். காய்ச்சல் மாத்திரையும் இருக்கும், ஆனால் தரக் கூடாது. ஏதாவது ஆனால் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை நீல மாத்திரை மட்டும் தரலாம். அதையும் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் பிள்ளைகள் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, நான் அடுத்த வரிசைக்குப் போனதும் ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். மழை பெய்த மறுநாள் வேப்ப மரத்தடியில் பார்த்தால் நீலம் நீலமாகக் கரைந்து கிடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

2019. எட்டாம் வகுப்பில் ஒரு பெண், மல்லி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் அவள் அம்மா என்னைப் பள்ளி கேட்டுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சுகர் இருக்கு டீச்சர். ஊசி போட்டுக்கறா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க, பொம்பளப் புள்ள." நானும் தலையாட்டினேன். வகுப்பாசிரியரிடம்கூடச் சொல்லவில்லை.

சுகர் என்றதும் எனக்குத் தெரிந்தது என் மாமியார். சாப்பிட்ட பின் ஒரு மாத்திரை, சர்க்கரை போடாத காபி, கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு ஜிலேபி. ஆகவே என் கடமை என்ன? இந்தப் பெண் இனிப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

ஆகஸ்ட் 15. கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை ஏழரை மணிக்கே வரச் சொல்லியிருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்தது ஒன்பதரைக்கு. இது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மல்லி காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் ஓடி வந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். மிட்டாய் கொடுக்கும்போது அவள் அவசர அவசரமாகக் காகிதத்தைப் பிரித்தாள். நான் கையிலிருந்து பிடுங்கினேன். "உனக்கு இது ஆகாதுன்னு தெரியாதா?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டேன். அவள் விரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை. பக்கத்தில் இருந்த தோழியைச் சம்பந்தமில்லாமல் திட்டினாள், வார்த்தை குழறியது. வெயில்தான் என்று நான் தண்ணீர் கொடுத்தேன். கொடியேற்றம் பார்க்க வந்திருந்த சத்துணவு ஆயாம்மா ஓடி வந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது லோ சுகரு டீச்சர். எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வேர்த்து ஊத்தும்." ஸ்டாஃப் ரூம் டீ டப்பாவிலிருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை எடுத்துத் தண்ணீரில் கலந்து, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். நல்லவேளை, நினைவு இருந்தது, விழுங்கினாள். நினைவில்லாமல் இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. அதுவும் எனக்கு அப்போது தெரியாது.

108 வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். 58. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு 58. 70-க்குக் கீழே வந்தாலே குறைவு என்று அந்தத் தம்பி சொன்னார். அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டு வாசலில் சாவி தேடிக் கைப்பைக்குள் கை விட்டேன். அந்த மிட்டாய் விரலில் ஒட்டியது.

அப்புறம்தான் படித்தேன், விசாரித்தேன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகைச் சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. இனிப்பு தின்று வருவதில்லை. மாத்திரையில் ஓட்ட முடியாது, ஊசி இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊசி, சாப்பாடு, ஓட்டம் மூன்றும் கணக்காக இருக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தவறினால் சர்க்கரை சரசரவென்று இறங்கும், அப்போது மிட்டாய்தான் மருந்து. 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை. சி.பி.எஸ்.இ. 2017-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகள் தேர்வறைக்குள் மிட்டாய் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டது. கேரள அரசு இந்தக் குழந்தைகளுக்காக நடத்தும் திட்டத்தின் பெயரே 'மிட்டாயி'. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. மல்லி வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் டப்பாவில் இன்சுலின் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழி. பள்ளியில் மத்தியான ஊசியைக் கழிப்பறைக்குள் நின்றபடி போட்டிருக்கிறாள். தாழ்ப்பாள் உடைந்த கதவைத் தோழி வெளியிலிருந்து பிடித்துக்கொள்வாளாம். இரண்டரை மாதம். அந்த வழியாகத் தினமும் நான்கு முறை நடப்பவள் நான்.

"ஏன், வருடா வருடம் டாக்டர் வேன் வருகிறதே" என்று யாராவது கேட்பீர்கள். வருகிறது. பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டம். டாக்டர்கள், மருந்தாளுநர், நர்ஸ் என்று ஒரு குழு வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் அவர்கள் கண்டுபிடித்து அனுப்பிய ஒரு பையனுக்கு இதய ஆபரேஷன் காசில்லாமல் நடந்தது. ஆனால் ஒரே நாளில் முந்நூறு பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். மல்லியையும் அந்த ஜூலையில் பார்த்தார்கள். கண், பல், எடை. அவளும் வாய் திறக்கவில்லை. முப்பது வகைக் குறைபாடுகள் கொண்ட அவர்களது பட்டியலில் அப்போது இந்த நோயும் இல்லை. கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாமே என்றால், சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பிரசவம், தடுப்பூசி, ரிஜிஸ்டர் எல்லாம் போக அவர் எங்கள் பள்ளிக்கு வருவதே பெரிய விஷயம்.

சோதிக்க ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நியூயார்க்கிலும் இதே கதைதானாம். டாக்டர்கள் வந்து பார்த்து, கண் நோய், படை, பேன் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை, பள்ளி காலியானது. 1902-ல் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவையும் நம் ஊரையும் ஒப்பிடாதே என்று வராதீர்கள். பணத்தை ஒப்பிடவில்லை, பேனைத்தான் ஒப்பிடுகிறேன்.

"சம்பளம் வாங்குகிறீர்களே, இதையும் கற்றுக்கொண்டு செய்தால் என்ன" என்பவர்களுக்கு: கற்றுக்கொண்டேன். ஆனால் எடை ஏற்றும் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும்போது பத்தாம் வகுப்புக் கணக்குப் பீரியட் போகிறது. ரிசல்ட் வந்ததும் என் பாடத்துக்கு ஏன் சதவீதம் குறைந்தது என்று விளக்கம் கேட்பவர்கள் அந்தப் பீரியடைத் திருப்பித் தருவதில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தமில்லைதான்: 17 வருடமாக ஆண்டு விழாவில் கோலம் போடுவதும் ஆரத்தித் தட்டு பிடிப்பதும் நாங்கள், மேடையில் பொன்னாடை மட்டும் எப்போதும் சார்களுக்கு. போன வருடம் கோலத்தின் மேலேயே பைக்கை நிறுத்தினார் ஒருவர்.

மல்லி பத்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். போகும் முன் அறிவியல் லேப் மூலையில் அவளுக்காகத் திரை கட்டிக் கொடுத்தோம். அவள் அம்மாவைச் சம்மதிக்க வைத்து ஆசிரியர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னோம். அம்மாவிடம் பேசியது நானில்லை, ஆயாம்மா. அந்த மிட்டாய் பற்றி மல்லி ஒருநாளும் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். உடல்நலம் பற்றிய கட்டத்தில் 'நன்று' என்று அவன் அப்பா எழுதியிருக்கிறார். நேற்று நோட்டு எடுக்கும்போது அவன் பையிலிருந்து இன்ஹேலர் உருண்டு விழுந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று காலால் தள்ளி பெஞ்சுக்கு அடியில் மறைத்தான். நாளைக்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். ஆயாம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன்.