புரியவைக்க வேண்டாம், பணத்தை அம்மா கைக்கு மாற்றுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவின் முதியோர் உதவித்தொகை வரும் சாஸா (அரசின் சமூக உதவித்தொகை நிறுவனம்) அட்டை தம்பியிடம் இருக்கிறது. பணத்தை எடுத்துவிடுகிறான், கேட்டால் அம்மா காலைப் பிடித்து அழுகிறான். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் சிரிக்கிறான். அவன் சைக்கோபாத்தா, அதாவது பிறர் வலி உறைக்காத குணம் உள்ளவனா? எங்கள் வேதனையை எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரி, கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சைக்கோபதி எனப்படும் அந்தக் குணத்தை அளக்க, கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த மதிப்பீட்டில் 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய ஆவணங்களையும் பார்த்துத்தான் போடுவார். வட அமெரிக்காவில் வழக்கமான வரம்பு 40க்கு 30. சூதாட்டமும் போதையும்கூட ஒருவரை இப்படி நடக்கவைக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சைக்கோபதி உள்ள குற்றவாளிகளுக்கு, ஒருவர் கையை இன்னொருவர் வலிக்கச் செய்யும் காட்சிகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2013இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு இது. சும்மா பார்த்தபோது அவர்கள் மூளை மற்றவர்களைவிடக் குறைவாகவே அசைந்தது. 'அந்த ஆளாக இருந்து உணர்ந்து பாருங்கள்' என்றதும் வித்தியாசம் பெருமளவு குறைந்தது. உணர முடியும், தானாக எழுவதில்லை. அத்தகையவரிடம் உங்கள் வலியை விளக்க விளக்க, எங்கே தொட்டால் நீங்கள் இளகுவீர்கள் என்று நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். தம்பிக்கு அந்தக் குணம் இல்லாவிட்டாலும் அட்டை விஷயத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: விளக்கிக்கொண்டிருக்காமல் பணத்தை அம்மா கைக்கு மாற்றுவது.

முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். மகன் கெட்டவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள், எந்தத் தாயும் மாட்டாள். 'பணம் உன் கையில் இருக்கட்டும்' என்பது மட்டும் போதும். சம்மதித்தால் சாஸா அலுவலகத்துக்கு அழைத்துப்போய், தொகை அம்மாவின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும்படி மாற்றச் சொல்லுங்கள். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், பலரும் செய்யும் தவறு அதுதான். அன்றிரவே அழுது அம்மாவின் மனதை மாற்றிவிடுவார். முடிந்தபின் ஒரே வாக்கியம்: 'பணத்தை இனி அம்மாவே எடுப்பாங்க.' காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் ஒவ்வொன்றாக உடைப்பார். அடுத்து சித்தப்பாவும் பெரியம்மாவும் அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். அவர்களுக்கும் அதே வாக்கியம்தான்.

இதுவரை போன தொகையைத் தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். மிரட்டினாலோ பறித்தாலோ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், கட்டணம் இல்லை. 1998ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பணரீதியான கொடுமையும் அடக்கம். 2021 திருத்தம் முதியோர் கொடுமையையும் சேர்த்தது. நோட்டு அங்கே உதவும்.

விஷயம் தம்பிக்குத் தெரியும் நாளில் அம்மாவைத் தனியே விடாதீர்கள்.