கேள்வி கேட்ட பிள்ளையைக் கண்டித்து வைப்பதா?

கேள்வி: என் மகன் நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வாலிபர் கூட்டத்தில் எழுந்து, "பூமிக்கு 454 கோடி வயசுன்னா ஆதியாகமத்துல உள்ள ஆறு நாள் என்ன?" என்று கேட்டான். ஒரு மூப்பர், "இது உலக ஞானம், பிசாசின் தந்திரம். வீட்டில் உள்ளவர்கள் கண்டித்து வைக்க வேண்டும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவன் கூட்டத்துக்குப் போவதில்லை. ஆராதனைக்கும் கட்டாயப்படுத்தினால்தான் வருகிறான். எந்த வசனத்தைச் சொல்லி அவன் மனதை மாற்றலாம்? படிப்பை நிறுத்தி வேறு பாடத்தில் சேர்த்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: சகோதரி, படிப்பை நிறுத்துகிற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் மகன் தன் சந்தேகத்தை வெளியே நண்பர்களிடம் கொட்டிவிட்டுப் போகவில்லை. வாலிபர் கூட்டத்திலேயே எழுந்து கேட்டிருக்கிறான். சபையில் பதில் கிடைக்கும் என்று நம்புகிற பிள்ளைதான் அப்படிக் கேட்பான். அந்த நம்பிக்கையைப் பத்துப் பேர் முன்னால் உடைத்துவிட்டு, அவனை மாற்ற வசனம் தேடுவதில் நியாயம் இல்லை. பத்துப் பேர் முன்னால் நடந்ததை அதே பத்துப் பேர் முன்னால் சரிசெய்ய வேண்டும். உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மூப்பர் கொலோசெயர் 2:8-ஐ மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். 'லௌகிக ஞானம்' பற்றி அங்கே எச்சரிக்கிற அதே பவுல் அத்தேனேயில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 17-ஐத் திறந்து பார்க்கட்டும். சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினந்தோறும் சம்பாஷணை பண்ணினார். எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற தத்துவ ஞானிகள் அவரை 'வாயாடி' என்றார்கள்; அதற்காக அவர் எழுந்து போய்விடவில்லை. மார்ஸ் மேடையில் "நாம் அவருடைய சந்ததியார்" என்று அவர் எடுத்துக்காட்டிய வரி, அராட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர் வான்மீன்களைப் பற்றி எழுதிய பாட்டில் சேயுஸ் கடவுளைக் குறித்துச் சொன்னது. புறமதத்தாரின் பாட்டைப் படித்து மனதில் வைத்திருந்தால்தான் அந்த இடத்தில் அது வாய்க்கு வரும். அவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்றில் தொடங்கியவர், விக்கிரகத்தைப் பற்றிய தம் மறுப்பையும் உயிர்த்தெழுதலையும் விட்டுக்கொடுக்காமல் பேசி முடித்தார். சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொருவேளை கேட்போம் என்றார்கள், தியொனீசியு, தாமரி போலச் சிலர் விசுவாசித்தார்கள்.

உலகக் கல்வியைச் சபைக்கு எதிரி என்று இந்த மாவட்டத்தில் சொல்வதைக் கேட்க எனக்கு வேதனையாக இருக்கிறது. 1818-ல் வந்த மிஷனரி சார்லஸ் மீட் இரண்டே ஆண்டில் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தார். 1838-ல் நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியது. படிக்கக்கூடாது என்று விலக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பூகோளமும் கணக்கும் படித்தது மிஷன் பள்ளிக்கூடங்களில்தான். மூப்பரின் கொள்ளுப்பாட்டனாரும் அங்கே படித்திருக்கக்கூடும்.

இனி கேள்விக்கு வருவோம். ஆதியாகமத்தில் சூரியன் உண்டாவது நான்காம் நாளில். அப்படியென்றால் முதல் மூன்று நாளின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படிப்பட்டவை? இதை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் என்ற வேத அறிஞர் கேட்டுவிட்டார். ஆயராக இருந்த அகஸ்டின் சுமார் 415-ல் முடித்த ஆதியாகம விளக்கவுரையில், அந்த நாட்கள் நாம் வாழும் 24 மணி நேர நாட்களைப் போன்றவை அல்ல என்று கருதினார். பரிணாமத்தைப் பற்றிய டார்வினின் நூல் வந்தது 1859-ல். ஆகவே இந்த வாசிப்பு அறிவியலுக்குப் பயந்து பிறகு கண்டுபிடித்த சாக்கு அல்ல. அகஸ்டினுக்குச் சற்று முன், நான்காம் நூற்றாண்டில், பேசில் என்ற ஆயர் அவற்றை 24 மணி நேர நாட்களாகவே எடுத்துக்கொண்டார் என்பதையும் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். விசுவாசிகள் இரண்டு விதமாகவும் வாசித்திருக்கிறார்கள். இரட்சிப்பு இதில் தொங்கவில்லை.

அகஸ்டின் அதே நூலில் ஒரு எச்சரிக்கை தருகிறார். வானம், பூமி, நட்சத்திரங்களின் ஓட்டம் பற்றி அவிசுவாசிக்கே நன்றாகத் தெரிந்த ஒன்றில் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி வேதம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்கிறார். கருங்கல் வாலிபர் கூட்டத்துக்கு எழுதியதுபோல இருக்கிறது.

வயதுக் கணக்கை உங்கள் பக்கத்து மணலிலேயே காட்டலாம். மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கிற மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற உலோகம் இருக்கிறது. அது கதிர்வீசி மெல்ல மெல்ல ஈயமாகிறது. இருக்கிற தோரியத்தில் பாதி ஈயமாக மாற 1,405 கோடி ஆண்டு பிடிக்கும். மோனசைட் படிகமாகும்போது தோரியத்தை நிறைய வாங்கிக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட வாங்காது. ஆகவே இன்று அதில் இருக்கிற ஈயத்தை அளந்தால் வயது கிடைக்கும். நம் தென்முனைப் பாறைகளின் மோனசைட் பெரும்பாலும் 50 முதல் 60 கோடி ஆண்டு என்று காட்டுகிறது. அதாவது தோரியத்தில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான் இதுவரை ஈயமாகியிருக்கிறது. பூமியின் வயதை 1956-ல் கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கணக்கிட்டதும் இதே வழியில்தான். அவர் எடுத்துக்கொண்டது யுரேனியம் சிதைந்து உண்டான ஈயம், விண்கற்களில். இதைப் பிசாசின் தந்திரம் என்று சொன்னால், தினமும் ஆய்வகத்தில் நிற்கிற பையனுக்கு நம்மேல் மரியாதை இருக்காது.

அவனிடமும் நீங்கள் ஒன்று கேட்கலாம். பூமியின் வயது அளந்து வந்தது. உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பது புதைபடிவமும் மரபணுவும் ஒப்பிட்டு வந்தது. "ஆகவே கடவுள் இல்லை" என்பது எந்தச் சோதனையில் வந்தது? அது தத்துவம் பேசுகிற வாக்கியம்; தத்துவமாகவே அதை விவாதிக்க வேண்டும். இதே ஒழுங்கு நமக்கும் உண்டு. பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றிய பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு 1931-ல் வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ரே ஒரு கத்தோலிக்கக் குரு. அதைப் படைப்புக்கு நிரூபணமாகக் காட்டுவதை அவரே விரும்பவில்லை.

வாலிபர் கூட்டத்துக்கு ஒரு முறை சொல்கிறோம். ஒரு வாரம் முன்னதாகவே பெயரில்லாத துண்டுச்சீட்டில் கேள்விகளை வாங்குங்கள். ஒரு மாலைக்கு ஒரே கேள்வி, ஒன்றரை மணி நேரம். முதல் இருபது நிமிடம் ஒரு வாலிபர் எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைக்கட்டும். குறுக்கே யாரும் பேசக்கூடாது, வசனமும் சொல்லக்கூடாது. அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் அந்த வாதத்தைத் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும்; "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை பதில் கிடையாது. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் தம் பெருநூலில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்வாதங்களைத்தான் முதலில் எழுதினார். பிறகு அரைமணி நேரம் பாடம் தெரிந்த ஒருவரும் வேதம் தெரிந்த ஒருவரும் பதில் சொல்லட்டும். இயற்பியல் ஆசிரியர்கள் நம் சபைகளில் எத்தனையோ பேர் ஞாயிறுதோறும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், கூப்பிடுங்கள். மீதி நேரம் பொது. பதில் கிடைக்காததை எழுதி வைத்து அடுத்த மாதம் எடுங்கள்.

கெட்டுப்போகிற இடங்களும் தெரிந்தவைதான். ஐயர் தலைமையில் உட்கார்ந்தால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். அவர் கடைசி வரிசையில் இருப்பது நல்லது. முடிவு ஜெபத்தில் "இந்தத் தம்பியின் மனக்கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே" என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தனையும் வீண். மறுபேச்சு பேச முடியாத இடத்தில் அடிக்கிற அடி அது.

அடுத்தது வாட்ஸ்ஆப். யோசுவா 10-ல் சூரியன் நின்ற நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்ற செய்தி இன்னும் சுற்றுகிறது. அப்படி ஒரு கண்டுபிடிப்பு நாசாவில் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. கணினி இன்றைய நிலையிலிருந்து கோள்களைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஒரு நாள் குறைகிறது என்று சொல்ல, அந்த நாளுக்கு முன்பே யாராவது வானத்தைப் பார்த்துத் தேதியோடு எழுதிய குறிப்பு வேண்டும். டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்பதும் இப்படித்தான். அவர் இறந்தது 1882-ல், கதை அச்சேறியது 1915-ல், கூட இருந்த மகளே அதை மறுத்துவிட்டார். வசனம் உண்மையானது என்று சாதிக்கப் பொய்யைத் துணைக்கு அழைக்காதீர்கள். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் நீங்கள் சொல்லும் மெய்யையும் சந்தேகிப்பார்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். இன்று பூமியின் வயதைக் கேட்கிறவன் நாளை, சபைக் கல்லறைத் தோட்டத்தில் ஏன் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்பான். 2004 டிசம்பர் 26-ல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் எடுத்துக்கொண்டவர்கள் செய்த பாவம் என்ன என்பான். இரண்டாவதற்கு லூக்கா 13:4 இருக்கிறது: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே கேட்டிருக்கிறார். முதலாவதற்கு வசனம் போதாது. சாதியைப் பிரிக்கிற சுவரை இடிக்க வேண்டும்.

வசனத்தோடு அவன் அறைக்குள் போகாதீர்கள். "அந்த 454 கோடி எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குச் சொல்லித் தா மக்களே" என்று கேளுங்கள், முழுவதும் கேட்டு முடியுங்கள். 1 பேதுரு 3:15 பதிலைச் 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' சொல்லச் சொல்கிறது. அது தாய்க்கும் மூப்பருக்கும் சேர்த்துத்தான். அவனுக்கு விருப்பம் இருந்தால் கேள்விகளை அவன் கைப்பட எழுதி எங்களுக்கு அனுப்பட்டும். பெயர் போட மாட்டோம். அறிவியல் பகுதியைப் பாடம் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்போம்.