கடித்த தடத்தை வைத்து, கடித்தவர் இவர்தான் என்று பல் மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

முடியாது. நானும் பல் மருத்துவன்தான், தயங்காமல் சொல்கிறேன்.

உங்கள் முன்கையில் முழங்கைக்குப் பக்கமாக லேசாகக் கடித்துவிட்டு, கையை நீட்டிப் பாருங்கள், அப்புறம் மடக்கிப் பாருங்கள். படிக்கிற காலத்தில் நான் ஸ்கேல் வைத்தே அளந்தேன். அதே பல், அதே கை, ஆனால் இரண்டு அளவு. அரை மணி நேரத்தில் தடமே மங்கிவிட்டது. தோல் இழுபடும், வீங்கும், கன்றிப்போகும். கிளினிக்கில் பல் அளவு எடுக்கும்போது நோயாளி தலையைக் கொஞ்சம் அசைத்தாலே அளவு கெட்டு, மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. உயிருக்குப் போராடும் ஒருவர் உடம்பில் விழுந்த தடம் எப்படிச் சரியாக இருக்கும்?

ரே க்ரோன் என்பவரின் வழக்கை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 1991 டிசம்பரில் ஒரு பாரில் வேலை பார்த்த பெண் கொல்லப்பட்டார். உடம்பில் கடித்த தடம் இருந்தது. க்ரோன் அந்த பாருக்கு வந்துபோகும் தபால் ஊழியர், முன்பற்கள் கோணலானவை. போலீஸ் தெர்மாகோலைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னது. தடம் பொருந்துகிறது என்று நிபுணர் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் 'தெத்துப்பல் கொலையாளி' என்று பெயரே வைத்துவிட்டன. 1992இல் மரண தண்டனை. 1996இல் மறுவிசாரணை நடந்தும் அதே தடம், அதே தீர்ப்பு. தண்டனை மட்டும் ஆயுளாகக் குறைந்தது.

2002இல் அந்தப் பெண்ணின் உடையில் இருந்த உமிழ்நீரையும் ரத்தத்தையும் டிஎன்ஏ சோதனை செய்தார்கள். அது க்ரோனுடையது இல்லை. பாருக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஒருவருடையது. பல்தடம் தவறான ஆளைக் காட்டியது; எச்சில் சரியான ஆளைக் காட்டியது. நடுவில் ஒரு மனிதரின் பத்து ஆண்டுகள் போய்விட்டன.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2022இல் வெளியிட்ட வரைவு அறிக்கையில், இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது. ஒவ்வொருவரின் முன்பல் அமைப்பும் தனித்தன்மையானது என்பதும், அது தோலில் அப்படியே பதியும் என்பதுமே நிரூபிக்கப்படவில்லை.

'2012 டெல்லி பேருந்து வழக்கில் பல்தடத்தை ஏற்றார்களே' என்று கேட்பீர்கள். ஆம், 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அங்கே டிஎன்ஏ இருந்தது, மரண வாக்குமூலம் இருந்தது. தடத்தை மட்டும் நம்பி அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

ஒரு விஷயம். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ யாராவது கடித்துத் தாக்குதல் நடந்திருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தைக் கழுவுவதற்கு முன்பு ஈரப் பஞ்சால் எச்சில் மாதிரி எடுத்து வைக்கும்படி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். போட்டிருந்த துணியையும் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.