ரேடாரைத் திட்டுவதற்கு முன்: அடாப்டிவ் குரூஸ் பழுது, கேள்வி பதில்

அரியாங்குப்பத்தில் சின்னதாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பக்க ரேடாரை வைத்து முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, அதன் வேகத்துக்கு ஏற்றபடி தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டும் அடாப்டிவ் குரூஸ், சுருக்கமாக ஏசிசி, அதைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் வருவதற்கு முன் கோடை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண்ணை, அழிக்காதீர்கள்.

லாஸ்பேட்டை: லேசாக முன்பக்கம் இடித்துவிட்டது. பம்பரை மாற்றியாகிவிட்டது. இப்போது பக்கத்து லேனில் போகும் லாரிக்கெல்லாம் வண்டி பிரேக் பிடிக்கிறது. விளக்கு எதுவும் எரியவில்லை. ரேடார் போச்சா?

பதில்: போகவில்லை, கோணலாகப் பார்க்கிறது. ரேடார் ஒரு டிகிரி திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை சுமார் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். அதாவது லேனின் நடுவைப் பார்க்க வேண்டியது லேன் ஓரத்துக் கோட்டைப் பார்க்கிறது. இரண்டு டிகிரி என்றால் பக்கத்து லேன்காரன்தான் உங்களுக்கு முன்னால் போகிறவன். கீழ்நோக்கிச் சாய்ந்தால் தூரத்து வண்டியைத் தாமதமாகப் பிடிக்கும்.

பம்பரைக் கழற்றி, ரேடாரைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கையால் நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ரேடார் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று காட்டும். கொஞ்சம் விலகினால் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும், எல்லை தாண்டினால்தான் விளக்கு எரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது உங்கள் வண்டி.

காலிபரேஷனுக்கு, அதாவது ரேடாரின் பார்வையை அளந்து நேராக்குவதற்கு, முன் டயர் காற்று, டிக்கியில் சுமை, வீல் அலைன்மென்ட் மூன்றையும் சரிபார்க்க வேண்டும். பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசையை வைத்துத்தான் ரேடாரை நேராக்குகிறோம். அந்தத் திசையே கோணலாக இருந்தால் காலிபரேஷனும் கோணல்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு இரண்டு முறை காசு கொடுக்கிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: ஏசிசி விளக்கு எரிந்தது. கடையில் கோடை அழித்தார்கள். இரண்டு நாளில் மறுபடியும் எரிகிறது. இப்படி நான்கு தடவை. புது ரேடார் போடச் சொல்கிறார்கள்.

பதில்: நான்கு தடவை சாட்சியை அழித்திருக்கிறீர்கள். கோடுடன் அந்த நேரத்து வேகம், வோல்டேஜ் எல்லாம் பதிவாகியிருக்கும். அதுதான் எனக்குச் சோறு.

ஏசிசி தனியாக நிற்கும் ஆள் இல்லை. பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின், ஏபிஎஸ் எல்லாம் சரி என்று சொன்னால்தான் வேலை செய்யும். ஒருவர் சந்தேகம் கிளப்பினாலும் கடையை மூடிவிடும். அதனால் ரேடாரைக் கடைசியில் பாருங்கள். முதலில் பிரேக் லைட் ஸ்விட்ச். சில நூறு ரூபாய்ச் சாமான்தான், பெடலை மிதிக்காமலே மிதித்ததாகச் சொன்னால் குரூஸ் ஆன் ஆகாது. P0571 என்ற கோடு வந்தால் அந்த ஸ்விட்ச் பக்கம் போங்கள். அடுத்து வீல் ஸ்பீட் சென்சர், அப்புறம் நான்கு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள். பழைய பேட்டரி ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜை இழுத்துவிட்டாலும் இதே விளக்குத்தான்.

நெல்லிக்குப்பம்: பழைய சாமான் கடையில் ரேடார் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டிக்கு ஏற்றபடி அதில் கோடிங் (வண்டிக்கான அமைப்பு விவரம்) ஏறாவிட்டால் அது வெறும் பெட்டி.

பாகூர்: ஏசி போட்டால் குளிர்ச்சி வரவில்லை அண்ணே.

பதில்: தம்பி, இது ஏசிசி. ஏசிக்கு வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

கடலூர் முதுநகர்: மழை பெய்தால் பழுது, வெயில் வந்தால் சரி. 2024 பெஞ்சல் புயலில் வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றது.

பதில்: இது ரேடார் கோடு இல்லை, கனெக்டர் கோடு. U0235 என்று வந்தால் ரேடாருடன் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம், ரேடார் செத்துவிட்டது என்று அல்ல. பம்பருக்குப் பின்னால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் கடற்கரையில் வெள்ளம் தேவையே இல்லை, உப்புக் காற்றே கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னைப் பச்சையாக்கிவிடும். பச்சை தெரிந்தால் சுரண்டி ஒப்பேற்ற வேண்டாம், பின்னை மாற்றுங்கள்.

இக்னிஷனை அணைத்து, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு நடுவே மீட்டரில் ஓம் பாருங்கள். 60 பக்கத்தில் இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் அந்த லைன் நல்லது. 120 என்றால் ஒரு முனை துண்டித்திருக்கிறது. ஆனால் சில வண்டிகளில் நடுவில் கேட்வே, அதாவது லைன்களைப் பிரித்து இணைக்கும் பெட்டி, இருக்கும். அங்கே 60 காட்டினாலும் ரேடார் லைனுக்கு உத்தரவாதம் இல்லை, தனியாக அளக்க வேண்டும்.

காலாப்பட்டு: முன் கண்ணாடி மாற்றியபின் ஏசிசி வரவில்லை.

பதில்: கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. அதற்குக் காலிபரேஷன் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாமல் அனுப்பியிருந்தால் அவர்களிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.

வில்லியனூர்: ஆயுத பூஜை முடிந்து ஈசிஆரில் போனால் "சென்சர் அடைப்பு" என்கிறது.

பதில்: முன் லோகோவில் பூசிய சந்தனத்தைத் துடைத்தீர்களா? பல வண்டிகளில் ரேடார் அந்த லோகோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சாமிக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது, பானெட்டில் பொட்டு வையுங்கள்.

முதலியார்பேட்டை, பெயிண்டர்: லோகோ விஷயம் இருக்கட்டும். பம்பர் பெயிண்ட்டையும் சேர்த்துக் குறை சொல்கிறீர்களாமே. பிளாஸ்டிக்கைத் தாண்டுகிற அலை பெயிண்டைத் தாண்டாதா? கம்பெனியிலேயே மெட்டாலிக் அடித்துத்தானே அனுப்புகிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி, நின்று பதில் சொல்கிறேன். கார் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அலைக்குப் பம்பரின் தடிமனே கணக்கு. கம்பெனியில் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் பிளாஸ்டிக், பிரைமர், பெயிண்ட் அடுக்குகிறார்கள். நீங்கள் அதன் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) வைத்து, மூன்று கோட் மெட்டாலிக் ஏற்றினால் அலையின் ஒரு பகுதி திரும்பி ரேடாருக்கே வரும், மீதி மங்கிப்போகும்.

முதலியார்பேட்டை: முப்பது வருஷமாக அடிக்கிறேன். ஒரு வண்டி திரும்பி வரவில்லை.

பதில்: அந்த முப்பதில் எத்தனை வருஷம் நம் ஊர் வண்டியில் ரேடார் இருந்தது அண்ணே?

நெல்லித்தோப்பு: பெயிண்டர் அண்ணன் பக்கம்தான் நான். என் வண்டிக்கும் பட்டி போட்டிருக்கிறது, நன்றாக ஓடுகிறது.

பதில்: பட்டி எந்த இடத்தில்? ஓரத்தில் என்றால் ரேடாருக்கு என்ன வந்தது? ரேடாருக்கு நேர் எதிரே பட்டி போடக் கூடாது என்று பல கம்பெனிகளின் ரிப்பேர் விதியிலேயே இருக்கிறது. அந்த இடம் உடைந்தால் பம்பரை மாற்ற வேண்டும்.

முதலியார்பேட்டை: விதி இருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

பதில்: பார்த்தேன். பம்பரைக் கழற்றி, எதிரே டார்கெட் (ரேடார் குறி பார்க்க வைக்கும் பலகை) வைத்துக் காலிபரேஷன் போட்டேன், பாஸ். அதே பம்பரை மாட்டினேன், ஃபெயில். மறுபடி கழற்றினேன், பாஸ்.

பண்ருட்டி: பலாப்பழ லாரி ரோட்டோரம் பாதி ரோட்டை மறித்து நின்றது. ஏசிசி குறைக்கவே இல்லை, நான்தான் மிதித்தேன். பழுதா?

பதில்: பழுது இல்லை, நீங்கள் மிதித்ததுதான் சரி. நிற்கும் பொருளிலிருந்து வரும் எதிரொலியும் மேம்பாலம், சாலைப் பலகையிலிருந்து வருவதும் ரேடாருக்கு ஒரே மாதிரிதான். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓட்ட முடியாது, அதனால் வேகமாகப் போகும்போது நிற்கும் பொருளைப் பல ஏசிசிகள் கழித்துவிடும். ஆபத்தில் பிரேக் போடும் அமைப்பு தனி. அதற்கும் எல்லை உண்டு. கால் பெடல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தவளக்குப்பம்: விளக்கு எரிகிறது, கோடை அழித்துவிட்டேன், இனி என்ன செய்ய?

பதில்: மேலே திருப்பாதிரிப்புலியூருக்குச் சொன்னதைப் படியுங்கள். அழிக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்: முன்னால் கம்பி கார்டு போட்டேன். அதன் பிறகு அடிக்கடி விளக்கு.

பதில்: கழற்றிப் போடுங்கள். ரேடாருக்கு முன்னால் இரும்பு வைத்துவிட்டு என்னைக் கேட்கிறீர்களே. 2017லேயே மத்திய அமைச்சகம் அந்தக் கம்பி சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கோரிமேடு: கோடு அழிக்க எந்த ஆப் நல்லது?

பதில்: அடுத்த கேள்வி.

முதலியார்பேட்டை: ஞாயிற்றுக்கிழமை நான் அடித்த பம்பர் ஒன்று கொண்டுவரட்டுமா? உங்கள் டார்கெட் எதிரே வைத்துப் பார்த்துவிடலாம்.

பதில்: வாங்க அண்ணே. காலை பத்து மணிக்கு. பட்டி எங்கே போட்டீர்கள் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள், ரேடார் சொல்லட்டும்.